30 கிலோமீட்டரில் கால் கல்லானால்: கார்ப் லோடிங் எங்கே சறுக்கியது என்று கண்டுபிடிப்பது எப்படி?

மாரத்தானுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு பிளேட் பிரியாணி, கூடவே ஒரு பரோட்டா. "கார்ப் லோடிங் ஆச்சு" என்று ஓட்டக் குழுவுக்கு ஒரு படம். (நீண்ட ஓட்டத்துக்கு முன் கார்ப், அதாவது மாவுச்சத்தும் சர்க்கரையும், நிறையச் சாப்பிட்டு உடலில் சேர்த்துவைப்பதுதான் கார்ப் லோடிங்.) மறுநாள் 30 கிலோமீட்டர் தாண்டியதும் நடை. அப்புறம், "இந்த லோடிங் எல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று தீர்ப்பு. இப்படித் தீர்ப்பு சொல்கிறவர்களிடம் எவ்வளவு சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "நல்லா சாப்பிட்டேன்" என்பதற்கு மேல் பதில் வராது. கோளாறு அங்கேதான் இருக்கிறது. இது கிராமில் கணக்குப் பார்க்க வேண்டிய வேலை. வயிறு நிறைந்ததா என்பது இதற்கு அளவுகோல் ஆகாது.

கீழே அறிகுறிவாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்களுக்கு நடந்தது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் கணக்கை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள். மற்ற எல்லாமே அதன்மேல்தான் நிற்கிறது.

நீரிழிவு உள்ளவர்கள், இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் பேசாமல் இதில் இறங்க வேண்டாம். இந்த அளவு மாவுச்சத்துக்கு மருந்தின் டோஸும் மாற்ற வேண்டியிருக்கும்.

முதலில் கணக்கு

உடல் சீக்கிரம் எடுத்து எரிக்கக்கூடிய சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்துவைக்கிறது. கல்லீரலில் ஏறத்தாழ 80 முதல் 100 கிராம், தசைகளில் 300 முதல் 500 கிராம். ஒரு கிராமுக்கு 4 கிலோகலோரி. ஆக, நன்றாக நிரம்பிய ஆளிடம் 2,000 கிலோகலோரியை ஒட்டி இருக்கும். ஓட்டத்துக்கு ஆகும் செலவு, தோராயமாக ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோகலோரி. 60 கிலோ ஆள் 42.2 கிலோமீட்டர் ஓட 2,500-க்குக் கொஞ்சம் மேலே ஆகிறது. துண்டு விழுவதைக் கொழுப்பு ஈடுகட்டும். ஒல்லியான ஓட்டக்காரரிடமும் கொழுப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதே அளவு சக்தியைக் கொழுப்பிலிருந்து எடுக்க ஆக்சிஜன் அதிகம் வேண்டும், வேகமாகவும் எடுக்க முடியாது. அதனால்தான் கிளைக்கோஜன் தீர்ந்ததும் ஓட்டம் அப்படியே நிற்காமல், நடையாக மாறுகிறது.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை 1960-களில் சுவீடனில் அளந்து பார்த்தார்கள். யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் முதலியோர் ஊசியால் தொடைத் தசையில் துளி எடுத்துக் கிளைக்கோஜனை அளந்தார்கள். 1967-இல் வெளியான ஆய்வில் ஒரே ஆட்களை மூன்று வகைச் சாப்பாட்டில் வைத்து, சோர்ந்து நிற்கும்வரை சைக்கிள் மிதிக்கவிட்டார்கள். கார்ப் குறைந்த சாப்பாட்டில் சுமார் ஒரு மணி நேரம் தாங்கினார்கள். கலப்பான சாப்பாட்டில் இரண்டு மணி நேரம். கார்ப் மிகுந்த சாப்பாட்டில் ஏறத்தாழ மூன்று மணி நேரம்.

இன்று விளையாட்டு ஊட்டச்சத்தில் வழங்கும் அளவு இது: 90 நிமிடத்துக்கு மேல் நீளும் போட்டிக்கு முன், 36 முதல் 48 மணி நேரத்துக்கு, நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 12 கிராம் கார்ப். 60 கிலோ ஆளுக்கு 600 கிராமுக்குக் குறையாமல். அதுவும் இரண்டு நாளும். 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இதெல்லாம் தேவையே இல்லை. அதற்காக இரண்டு நாள் சோறாகச் சாப்பிட்டால் வயிறு கனப்பதுதான் மிச்சம்.

அறிகுறி: 28 முதல் 34 கிலோமீட்டருக்குள் கால் கல்லாகிறது, மூச்சு சரியாக இருக்கிறது, தலையும் தெளிவாக இருக்கிறது

இது தசைக் கிளைக்கோஜன் தீர்ந்த அறிகுறி. "வால்" (wall, அதாவது சுவர்) என்று ஓட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். மூச்சு வாங்காது, வலி என்றும் சொல்ல முடியாது, ஆனால் காலைத் தூக்கினால் வராது.

முதல் சந்தேகம், லோடிங்கே நடக்கவில்லை என்பது. நாம் அரிசி தின்கிற ஊர்க்காரர்கள், தனியாக எதை ஏற்றுவது என்று தோன்றும். சாதாரண நாள் ஒன்றைக் கூட்டிப் பார்ப்போம். காலையில் நான்கு இட்லி, 45 கிராம் கார்ப். சர்க்கரை போட்ட காபி இரண்டு, 20. மதியம் 300 கிராம் சோறு, 85. வெந்த சோறு 100 கிராமில் கார்ப் 28 கிராம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். சாம்பார், கூட்டு எல்லாம் சேர்த்து 20. சாயங்காலம் டீயும் இரண்டு மூன்று பிஸ்கட்டும், 25. ராத்திரி மூன்று தோசை, 75. மொத்தம் 270 கிராம். 60 கிலோ ஆளுக்கு, கிலோவுக்கு 4.5 கிராம். இலக்கில் பாதிகூட இல்லை. சோறுதான் சாப்பிடுகிறோம் என்ற நினைப்பே நம்மை ஏமாற்றுகிறது.

பிரியாணி இன்னும் மோசம். அரிசி இருக்கிறது, உண்மைதான். ஆனால் எண்ணெயும் நெய்யும் கறியும் சேர்ந்து, 90 கிராம் கார்ப் உள்ளே போவதற்குள் வயிறு "போதும்" என்று சொல்லிவிடும். பரோட்டாவுக்கும் இதே கதைதான். கொழுப்பு அந்த இரண்டு நாளில் கெடுதல் செய்கிறது என்றுகூடச் சொல்ல மாட்டேன். கார்ப் இருக்க வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

60 கிலோ ஆளுக்கு 600 கிராம் வரும் ஒரு நாள் இப்படி இருக்கும். காலையில் ஆறு இட்லி, தொட்டுக்கொள்ள இரண்டு மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை: 90. பத்து மணிக்கு இரண்டு பெரிய வாழைப்பழம், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை போட்ட எலுமிச்சை ஜூஸ்: 75. மதியம் 400 கிராம் சோறு, ரசம், எண்ணெய் குறைத்த உருளைக்கிழங்குப் பொரியல்: 130. நான்கு மணிக்கு 75 கிராம் அவல், வெல்லத்தோடு: 75. ஆறரைக்கு நான்கு துண்டு வெள்ளை ரொட்டி, ஜாம்: 80. ராத்திரி தயிர்சாதம், சோறு மட்டும் 350 கிராம்: 100. படுக்கும் முன் சர்க்கரை போட்ட ஜவ்வரிசிக் கஞ்சி ஒரு டம்ளர்: 50. கூட்டினால் 600.

பார்க்க அரிசி, சர்க்கரை, ரொட்டி என்று அழகில்லாத பட்டியல். வீட்டில் யாராவது "இதையா சாப்பிடுற?" என்று முகம் சுளிப்பார்கள். இரண்டு நாளைக்குத்தான். ஒரே ஒரு முறை சமையல் தராசில் சோற்றை எடை போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கரண்டிக்கு எத்தனை கிராம் என்று தெரிந்துவிட்டால் பிறகு தராசு வேண்டாம்.

இரண்டாவது சந்தேகம், ஏற்றியதை நீங்களே எரித்துவிட்டது. வியாழக்கிழமை "கடைசியாக ஒரு தடவை" என்று 18 கிலோமீட்டர் ஓடினால், வெள்ளியும் சனியும் சாப்பிடுவதில் பெரும்பகுதி அந்தப் பள்ளத்தை நிரப்பவே போய்விடும். கடைசி இரண்டு மூன்று நாள் 20, 30 நிமிட மெல்லோட்டத்துக்கு மேல் வேண்டாம். அதே சமயம், எந்தத் தசை வேலை செய்து பழகியதோ அதுதான் நிறையச் சேர்க்கும். 1966-இல் பெர்க்ஸ்ட்ரோமும் ஹல்ட்மனும் இதைத் தங்கள் மேலேயே சோதித்தார்கள். ஒரே சைக்கிளுக்கு இருபுறமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்துக் களைத்து, அப்புறம் மூன்று நாள் கார்ப் சாப்பிட்டார்கள். மிதித்த காலில், மிதிக்காத காலைவிட ஏறத்தாழ இரு மடங்கு கிளைக்கோஜன் சேர்ந்திருந்தது. மாதக்கணக்கில் பயிற்சி செய்யாத காலுக்கு இரண்டு நாள் சோறு பெரிதாக எதுவும் செய்யாது.

மூன்றாவது, பெண்களுக்கு. "சாப்பாட்டில் 70 சதவீதம் கார்ப்" என்று சதவீதக் கணக்கில் போனால் பலன் வராமல் போகலாம். மொத்தச் சாப்பாடே குறைவாக இருந்தால் 70 சதவீதமும் குறைவுதான். எடைக்குக் கிராம் என்ற கணக்கில், தேவைப்பட்டால் மொத்த அளவையும் கூட்டிச் சாப்பிடுங்கள்.

அறிகுறி: கால் ஓடத் தயார், தலைதான் சுற்றுகிறது, எரிச்சல், கண் மங்கல், குளிர்ந்த வியர்வை

இது வேறு சேமிப்பு. தசையில் இருக்கும் கிளைக்கோஜனைத் தசை வெளியே விடாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் சர்க்கரை அனுப்புவது கல்லீரல். அந்தக் கல்லீரல் சேமிப்பு ராத்திரி தூங்கும்போதே கணிசமாகக் கரைந்துவிடுகிறது. முந்தின நாள் எவ்வளவு ஏற்றினாலும், காலையில் வெறும் வயிற்றோடு போனால் கல்லீரல் பாதி காலியாகத்தான் தொடக்கக் கோட்டில் நிற்கும்.

இதை முதலில் கவனித்தது 1924 பாஸ்டன் மாரத்தானில். ஓடி முடித்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, களைத்து விழுந்தவர்களுக்குச் சர்க்கரை மிகவும் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டு ஓட்டத்துக்கு முந்தைய நாள் கார்ப் கூட்டியும், ஓடும்போது மிட்டாய் கொடுத்தும் பார்த்தார்கள். நிலைமை தெளிவாக மேம்பட்டது. நூறு ஆண்டு ஆகிறது. நம் தொடக்கக் கோட்டில் இன்னும் வெறும் காபியோடு வந்து நிற்கிறார்கள்.

நம் ஊர்ப் பந்தயங்களில் இதற்கு ஒரு தனித் தொல்லை உண்டு. வெயிலுக்குப் பயந்து விடிவதற்கு முன்பே கொடி அசைத்துவிடுவார்கள். நான்கு மணிக்கு ஓட்டம் என்றால், ஒன்றரை மணிக்கோ இரண்டு மணிக்கோ எழுந்து சாப்பிட வேண்டும். தூக்கம் போகும், வேறு வழியில்லை. ஒரு கிலோவுக்கு 1 முதல் 2 கிராம் போதும். ஐந்து இட்லி சர்க்கரையோடு, அல்லது மூன்று துண்டு ரொட்டி ஜாமோடு ஒரு வாழைப்பழம். அந்நேரத்தில் மென்று தின்னப் பிடிக்காதவர்கள் கஞ்சியாகக் குடிக்கலாம். தேங்காய்ச் சட்னி வேண்டாம். சாம்பாரும் வேண்டாம்.

அதுவும் முடியவே முடியாது என்றால், படுப்பதற்கு முன் ஒரு கஞ்சி, தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு ஜெல் (பாக்கெட்டில் வரும் கெட்டியான சர்க்கரைக் கரைசல்), பிறகு முதல் அரை மணி நேரத்திலிருந்தே ஏதாவது உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். முழுச் சாப்பாட்டுக்கு இது சமமாகாது. ஆனாலும் வெறும் வயிற்றைவிட எவ்வளவோ மேல்.

ஓடும்போதே இந்த அறிகுறி வந்துவிட்டால் நடைக்கு மாறுங்கள். கையில் இருக்கும் சர்க்கரை எதுவானாலும் 20, 30 கிராம் தண்ணீரோடு எடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளிய வேண்டும். தெளியவில்லை, பேச்சு குழறுகிறது, திசை தெரியவில்லை என்றால் ஓட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள். வெப்பத் தாக்கமும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கும்.

அறிகுறி: கிளம்பிய பத்துப் பதினைந்து நிமிடத்தில் கால் தளர்கிறது, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிறது

ஓட்டத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் இனிப்பாக எதையாவது குடித்திருப்பீர்கள். சர்க்கரை ஏறியதும் இன்சுலின் சுரக்கிறது. அதே நேரம் தசையும் ஓட்டத்துக்காகச் சர்க்கரையை இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து ரத்தச் சர்க்கரையைக் கொஞ்ச நேரம் கீழே தள்ளும். எல்லோருக்கும் வராது, வந்தவர்களுக்கும் ஓட்ட நேரம் பெரிதாகக் கெடுவதில்லை. ஆனாலும் பயமுறுத்தும். வருகிறவர்கள் அந்த இடைவெளியை மட்டும் தவிர்த்தால் போதும். ஒன்று, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டு முடியுங்கள். இல்லையென்றால் தொடங்க ஐந்து பத்து நிமிடம் இருக்கும்போது எடுங்கள். உடல் சூடேறி ஓடத் தொடங்கிவிட்டால் இன்சுலின் அவ்வளவு எகிறாது.

அறிகுறி: இரண்டு நாளில் எடை ஒன்றரை, இரண்டு கிலோ ஏறிவிட்டது; உடம்பு உப்பினாற்போல் இருக்கிறது

கோளாறு இல்லை. வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம் இது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரும் தசையில் தங்குகிறது. 400 கிராம் கூடுதலாகச் சேர்ந்தால் தண்ணீரோடு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை காட்டும். கிளைக்கோஜன் எரிய எரிய அந்தத் தண்ணீரும் விடுபட்டுவிடும். சனிக்கிழமை காலை எடை பார்த்துப் பயந்து, ராத்திரிச் சாப்பாட்டைக் குறைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து அந்த இரண்டு நாள் எடைக்கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

எடை துளியும் ஏறவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். அப்போது முதல் அறிகுறிக்குக் கீழே இருக்கும் கூட்டலுக்குத் திரும்பிப் போங்கள்.

அறிகுறி: வயிற்று உப்பல், வாயு, ஓடும் வழியில் கழிப்பறை தேடும் நிலை

நம் சமையலில் கார்ப் லோடிங்குக்கு மிகப் பெரிய எதிரி இதுதான். சோறு 400 கிராம் போகும்போது சாம்பாரும் கூட்டும் பொரியலும் கூடவே போகும். பருப்பு, பயறு, கீரை, முருங்கைக்காய், முட்டைக்கோஸ் எல்லாம் அந்த விகிதத்தில் கூடினால் நார்ச்சத்து எக்கச்சக்கமாகிவிடும். இரண்டாம் நாள் ராத்திரி வயிறு மத்தளம்.

போட்டிக்கு முந்தைய இரண்டு நாளும் நார்ச்சத்தைக் குறையுங்கள். வழக்கமான ஆரோக்கிய அறிவுரைக்கு நேர் எதிர், தெரியும். ஆண்டு முழுக்க நல்லது என்று கொண்டாடும் கேழ்வரகு, தினை, கைக்குத்தல் அரிசி, முளைகட்டிய பயறு எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு நாள் விடுமுறை. பச்சரிசியோ புழுங்கலரிசியோ, தீட்டிய வெள்ளை அரிசி. சாம்பாருக்குப் பதில் தெளிவான ரசம். காய் என்றால் தோல் சீவிய உருளைக்கிழங்கு, கேரட், பீர்க்கங்காய். பழம் என்றால் நன்றாகப் பழுத்த வாழைப்பழம். கொய்யா வேண்டாம், பலா வேண்டாவே வேண்டாம்.

உறைப்பையும் அப்படியே குறைக்கலாம். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் காபியைக் கறுப்பாகக் குடியுங்கள். தயிரும் மோரும் பெரும்பாலோருக்குப் பிரச்சினை செய்வதில்லை. வெளியூர்ப் பந்தயத்துக்குப் போகிறவர்கள், அவல், வெல்லம், ரொட்டி, வாழைப்பழம் என்று கையோடு கொண்டுபோகக் கூடியதில் ஒரு பாதியையாவது எடுத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஓட்டலில், காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியை ராத்திரி எட்டு மணிக்கு நம்புவது வீண் துணிச்சல்.

இன்னொன்றும் உண்டு. ஓட்டத்துக்கு முன் வலி மாத்திரை போடும் பழக்கம். ஐபுபுரோஃபன் வகை மாத்திரைகள் ஓடும்போது குடலையும் சிறுநீரகத்தையும் சிரமப்படுத்தும். வயிற்றுத் தொல்லைக்குச் சாப்பாட்டைக் குறைசொல்வதற்கு முன் அதை நிறுத்திப் பாருங்கள்.

அறிகுறி: ஜெல் எடுத்தால் குமட்டல், வயிற்றில் அப்படியே நிற்கிறது

ஜெல் என்பது கெட்டியான சர்க்கரைக் கரைசல். ஒரு பாக்கெட்டில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் கார்ப். தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் அது இரைப்பையிலேயே உட்கார்ந்திருக்கும். ஒரு ஜெல்லுக்கு ஒரு டம்ளர் தண்ணீர், அதாவது 150 முதல் 200 மில்லி. அதன்மேல் இனிப்பான விளையாட்டுப் பானத்தைக் குடித்தால் இன்னும் கெட்டியாகிவிடும். தண்ணீர் நிலையம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஜெல்லைப் பிரியுங்கள்.

பழக்கமும் காரணம். குடலைப் பயிற்றுவிக்க முடியும் என்பதைப் பலர் நம்புவதே இல்லை. கால் பயிற்சி நான்கு மாதம் செய்துவிட்டு, வயிற்றுக்கு மட்டும் முதல் பயிற்சி போட்டி நாளன்று. லாங் ரன்களில் (நீண்ட தூரப் பயிற்சி ஓட்டங்களில்) மணிக்கு 30 கிராம் கார்ப்பில் தொடங்கி, வாரா வாரம் கூட்டி 60-க்குக் கொண்டுவாருங்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்கள் 90 வரை போகலாம். ஆனால் அதற்குக் குளுக்கோஸ் மட்டும் போதாது. குளுக்கோஸை உள்ளே எடுக்கும் குடல் கடத்திகள் மணிக்குச் சுமார் 60 கிராமோடு திணறிவிடும். ஃபிரக்டோஸ் வேறு கடத்தி வழியாகப் போவதால், இரண்டும் கலந்தால்தான் அந்த வரம்பைத் தாண்டலாம்.

இதற்காக விலையுயர்ந்த பொடி வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. வீட்டுச் சர்க்கரையே பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். அரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சர்க்கரை, தாராளமாக ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. 6 சதவீதக் கரைசல் தயார். கடையில் வாங்கும் விளையாட்டுப் பானங்கள் பெரும்பாலும் இந்தச் செறிவில்தான் இருக்கின்றன. இளநீரை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். குடிக்க அருமையாக இருக்கும், பொட்டாசியம் நிறைய உண்டு, ஆனால் ஒரு டம்ளரில் கார்ப் 10 கிராம்கூடத் தேறாது. சோடியமும் குறைவு.

அறிகுறி: 600 கிராமை எட்ட முடியவில்லை, மதியத்துக்கே திகட்டுகிறது

திடப்பொருளாகவே எட்ட நினைப்பதுதான் காரணம். கால் பங்கைக் குடியுங்கள்: எலுமிச்சை ஜூஸ், கஞ்சி, பானகம், சர்க்கரை போட்ட மோர். பானகம் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். 60 கிராம் வெல்லம் கரைத்தால் 50 கிராமுக்கு மேல் கார்ப், வயிறு கனக்காது. மூன்று பெரிய வேளைகளை ஏழு சின்ன வேளைகளாக உடையுங்கள். புரதமும் எண்ணெயும் இந்த இரண்டு நாள் குறைந்தால் ஒன்றும் ஆகாது. முட்டையும் கோழியும் திங்கட்கிழமை வரை காத்திருக்கும்.

அப்படியும் 8 கிராம்தான் முடிகிறதா? 8 கிராமே நல்லது. எட்டாத 12-க்காக வயிற்றைக் கெடுத்துக்கொள்வதைவிட அதுவே மேல்.

அறிகுறி: போட்டி வாரத்தில் எரிச்சல், தூக்கமின்மை, சளி பிடிக்கிற மாதிரி உணர்வு

பழைய முறையைப் பின்பற்றுகிறீர்களா என்று பாருங்கள். ஒரு கடும் ஓட்டம், மூன்று நாள் கார்ப் இல்லாச் சாப்பாடு, அப்புறம் மூன்று நாள் கார்ப் வெள்ளம். சுவீடன் ஆய்வுகளிலிருந்து நேரடியாக வந்த முறை அது. 1969-இல் ஏதென்ஸில் ஐரோப்பிய மாரத்தான் பட்டம் வென்ற பிரிட்டன்காரர் ரான் ஹில் இந்த முறையை முதலில் கையாண்டவர்களில் ஒருவர். பலன் தந்தது. கூடவே அந்த முதல் மூன்று நாள் ஆளை முறித்துப்போடும். 1981-இல் வில்லியம் ஷெர்மன் குழு, அந்தக் காயப்போடும் கட்டமே தேவையில்லை, பயிற்சியைப் படிப்படியாகக் குறைத்துக் கார்ப்பைக் கூட்டினால் கிட்டத்தட்ட அதே அளவு சேர்கிறது என்று காட்டியது. 2002-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில், நன்கு பயிற்சி பெற்றவர்கள் ஓய்வோடு, கிலோவுக்கு 10 கிராம் சாப்பிட்டால் ஒரே நாளில் தசை நிரம்பிவிடுகிறது என்று கண்டார்கள். ஆக, இன்றைக்கும் யாராவது "திங்கள் முதல் புதன் வரை அரிசியைத் தொடாதே" என்றால், 40 ஆண்டு பழைய அறிவுரை என்று சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

அறிகுறி: ஆடுசதைப் பிடிப்பு

இதைக் கார்ப் கணக்கில் எழுத வேண்டாம். பெரும்பாலும் பழகாத வேகத்தில் தசை களைப்பதுதான் காரணம். நிறைய வியர்ப்பவர்களுக்கு உப்பு கொஞ்சம் உதவலாம். வாழைப்பழம் பிடிப்பை உடனே விடுவிக்கும் என்பது நம்பிக்கை மட்டுமே. நின்று, தசையை நீட்டி, மெதுவாகத் தொடருங்கள்.

அறிகுறி: நிறையத் தண்ணீர் குடித்தும் தலைவலி, வாந்தி, விரலில் மோதிரம் இறுகுகிறது

இது ஆபத்து. "நிறையக் குடி" என்ற அறிவுரையைக் கேட்டு ஒவ்வொரு நிலையத்திலும் வெறும் தண்ணீர் குடித்தவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். நான்கு ஐந்து மணி நேரம் மெதுவாக ஓடுகிறவர்களுக்குத்தான் அதிகம் வரும். ஓட்டத்தின்போது எடை கூடியிருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. மேலும் தண்ணீர் கொடுக்கக் கூடாது. குழப்பமோ வலிப்போ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனை. வராமலிருக்க, தாகத்துக்குக் குடியுங்கள், கடமைக்குக் குடிக்காதீர்கள்.

அறிகுறி: போட்டி என்று இல்லை, எல்லா வாரமும் அசதி

இரண்டு நாள் லோடிங் இதைத் தீர்க்காது. வாரத்துக்கு 60, 70 கிலோமீட்டர் ஓடிக்கொண்டே, எடை குறைக்க ராத்திரிச் சாப்பாட்டையும் விடுகிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். சேமிப்பு தினமும் பாதியிலேயே நிற்கும். சாதாரணப் பயிற்சி நாள்களுக்கே கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் வேண்டும். லாங் ரன் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் நன்றாகச் சாப்பிட்டால் நிரம்புவதும் வேகமாக நடக்கும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நிற்பதோ இதற்கு முக்கிய எச்சரிக்கை. அதைப் "பயிற்சி நன்றாகப் போகிறது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹீமோகுளோபினையும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். இரும்புச்சத்துக் குறையைச் சோறு சரிசெய்யாது.

அறிகுறி: எல்லாம் சரியாகச் செய்தும் அதே இடத்தில் சுவர்

அப்படியென்றால் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். வேகம் கூடக் கூட, எரியும் எரிபொருளில் கார்ப்பின் பங்கு ஏறிக்கொண்டே போகும். முதல் 10 கிலோமீட்டரைக் கூட்டத்தின் உற்சாகத்தில் இலக்கைவிடக் கிலோமீட்டருக்கு 20 வினாடி வேகமாக ஓடினால், கடைசி 10-க்கு வைத்திருந்ததை அங்கேயே எரித்துவிடுகிறீர்கள். எவ்வளவு ஏற்றியிருந்தாலும் இதற்கு ஈடாகாது.

வெப்பமும் அப்படித்தான். அதே வேகத்தில் ஓடினாலும் சூட்டில் தசை கிளைக்கோஜனைக் கூடுதலாகச் செலவழிக்கிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம் வேறு. குளிர்ந்த மலைப்பக்கத்தில் எடுத்த நேரத்தை வைத்து இங்கே வேகம் போட்டால் 28-இலேயே சுவர் வந்துவிடும். முதல் 5 கிலோமீட்டரை இலக்கு வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 10, 15 வினாடி மெதுவாக ஓடுங்கள். முதல் ஜெல்லை 30-ஆவது நிமிடத்திலேயே எடுங்கள், களைப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போட்டிக்கு மூன்று நான்கு வாரம் முன்பு வரும் 30 கிலோமீட்டர் லாங் ரன்னில் இதை அப்படியே ஒத்திகை பாருங்கள்: முந்தின நாள் 600 கிராம், இரண்டு மணிக்கு எழுந்து இட்லி, அதே ஜெல், அதே வேகம்.